ஏற்றாத பாய்க்கு ஏறிய மரம் எதற்கு? (வாசகர் கேள்வி–பதில்)

மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழுக்கென்று சேர்த்து வைத்திருந்தோம். உடலை ஒட்டி, பெயின்ட் அடித்து, பீரங்கிகளையும் பொருத்தி முடித்தாகிவிட்டது, மிச்சம் கயிறுதான் என்கிற இடத்தில்தான் பலரும் திணறுகிறார்கள். பழைய போர்க்கப்பலில் ஒரு கயிறுகூட அலங்காரத்துக்குக் கட்டப்பட்டதில்லை. எது எதைத் தாங்குகிறது, எது எதை இழுக்கிறது என்று பிடித்துக்கொண்டால் துண்டுகளாகப் பெட்டியில் வரும் கிட்டோடு சேர்ந்த படமே தப்பாக இருந்தாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

விக்டரி என்ற பழைய ஆங்கிலப் போர்க்கப்பலின் 1:100 பிளாஸ்டிக் கிட் கட்டுகிறேன். பாய் வைக்கப்போவதில்லை. படத்தில், பாய் தொங்கும் குறுக்குமரங்கள் எல்லாமே உச்சியில் இருக்கின்றன; பாய் இல்லாவிட்டால் அவை கீழே இறங்கியிருக்க வேண்டும் என்கிறார் என் நண்பர். யார் சொல்வது சரி?
*வாசகர், அண்ணா நகர்*

நண்பர் சொல்வதுதான் சரி. மாதிரிக் கப்பல்களில் அதிகம் பார்க்கிற தவறு இதுதான், கிட் கம்பெனிகளே தொடர்ந்து செய்வதால் பலருக்கு இது தவறு என்றே தெரியாது.

ஒவ்வொரு பாய்மரமும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று துண்டு. அடியில் லோயர் மாஸ்ட், நடுவில் டாப்மாஸ்ட், மேலே டாப்கேலன்ட். அடித் துண்டில் தொங்கும் பெரிய குறுக்குமரத்தை அடிக்கடி ஏற்றி இறக்க மாட்டார்கள், அது பெரும்பாலும் தன் உயரத்திலேயே இருக்கும். ஆனால் நடுத்துண்டில் இருக்கும் டாப்செயில் குறுக்குமரம் அப்படியில்லை. பாயை விரிக்க வேண்டும் என்றால் அந்த மரத்தையே மேலே இழுக்க வேண்டும். பாயைச் சுருட்ட வேண்டும் என்றால் மரத்தை இறக்கி, லோயர் மாஸ்ட்டின் தலையில் இருக்கும் கேப் என்ற கட்டைக்குச் சற்று மேலே கொண்டுவந்து நிறுத்துவார்கள். டாப்கேலன்ட் மரமும் அதேபோல் தன் கீழ்க்கட்டை வரை இறங்கிவிடும், அல்லது அதை அடியோடு கழற்றி தளத்துக்கே இறக்கிவிடுவார்கள். ஆகவே பாய் விரிக்காமல் நிற்கும் கப்பலில் டாப்செயில் மரம் உச்சியில் நிற்க எந்தக் காரணமும் இல்லை. பெரிய பெரிய மரங்களை வேலையில்லாமல் உயரத்தில் வைத்துக்கொண்டால் கப்பல் தலைகனத்து ஆடும், எந்தக் கேப்டனும் அதை விரும்ப மாட்டார்.

மரத்தை மட்டும் இறக்கினால் போதாது, அதோடு சேர்ந்த கயிறுகளும் மாற வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குறுக்குமரத்தின் இரு முனைகளையும் தாங்கும் லிஃப்ட் கயிறுகள் மரம் இறங்கியிருக்கும்போது விறைப்பாக இருக்கும். மரம் ஏறிப் பாய் விரிந்திருக்கும்போது அதே கயிறுகள் தளர்ந்து தொங்கும். மரத்தை ஏற்றும் கயிறு டாப்மாஸ்ட் தலையிலுள்ள கப்பி வழியாகப் போய் மறுபுறம் இன்னொரு கப்பியில் முடியும். கிணற்று ராட்டினத்தில் வாளி இறங்க இறங்கக் கயிற்றின் மறுமுனை மேலே ஏறுவதுபோல, மரம் கீழே இருந்தால் அந்தக் கப்பி மேலே டாப்மாஸ்ட் தலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மரத்தை இறக்கிவிட்டுக் கப்பியைக் கீழேயே விட்டிருந்தால், தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

பாயே கட்டாத நிலை என்றால் பாயின் கீழ்மூலையை இழுக்கும் ஷீட் கயிற்றையும், அதே மூலையை மேலே தூக்கும் க்ளூலைனையும் ஒன்றோடொன்று கோத்து மரத்தோடு ஒட்டி இழுத்து வைத்துவிடலாம், நிஜத்திலும் அப்படித்தான். பாயின் அடிவிளிம்பைத் தூக்கும் பன்ட்லைன் கயிறுகளைக் கட்டாமலே விட்டுவிடுங்கள், தூக்கப் பாய் இல்லையே.

அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய மாதிரிகள் சிலவற்றிலும் மரங்கள் உயரத்தில்தானே இருக்கின்றன என்று கேட்பீர்கள். இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் கயிறுகள் பிற்காலத்தில் வேறு கைகளால் திரும்பக் கட்டப்பட்டவை. உடல் 300 வருடப் பழசு என்பதால் கயிறும் அப்படியே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிஜ விக்டரி இன்றும் போர்ட்ஸ்மத்தில் நிற்கிறது. நல்ல புகைப்படங்கள் நெட்டில் கொட்டிக் கிடக்கின்றன. அதைப் பார்த்தே கட்டிவிடக் கூடாதா?
*வாசகர், வடபழனி*

உடலுக்குப் பாருங்கள், கயிற்றுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். விக்டரி 1765இல் தண்ணீரில் இறங்கியது, அது கலந்துகொண்ட டிராஃபல்கர் கடற்போர் 1805இல் நடந்தது, அதற்குப் பிறகும் எத்தனையோ முறை அதைப் பழுதுபார்த்து மாற்றியிருக்கிறார்கள். 1890களில் பழைய மர மாஸ்ட்களை எடுத்துவிட்டு, ஷா என்ற இன்னொரு போர்க்கப்பலின் உள்ளீடற்ற இரும்பு மாஸ்ட்களை அதில் நிறுத்தினார்கள். 2011க்குப் பிறகு எடுத்த படங்களில் மேல் மாஸ்ட்களே இருக்காது, பழுதுவேலைக்காக இறக்கியாகிவிட்டது. 2021இல் நடு மாஸ்ட்டையும் எடுத்துவிட்டார்கள்.

கயிற்றுக்கு நம்பக்கூடியது அந்தக் காலத்திலேயே எழுதி வைத்த அட்டவணைகள். 1794இல் டேவிட் ஸ்டீல் லண்டனில் அச்சிட்ட இரண்டு தொகுதிகளில் ஒவ்வொரு அளவுக் கப்பலுக்கும் ஒவ்வொரு கயிறும் எவ்வளவு தடிமன், எந்த அளவுக் கப்பி என்று வரிசையாக இருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆங்கிலக் கப்பல், 1780லிருந்து 1810க்குள் என்றால் வேறு எதுவும் தேட வேண்டாம் என்பேன்.

கிட்டில் கறுப்பு நூல் இரண்டு, வெள்ளை நூல் ஒன்று. அவ்வளவுதான். இது போதுமா? எந்தக் கயிற்றுக்கு எவ்வளவு தடிமன் என்று எப்படிக் கணக்குப் போடுவது?
*வாசகி, தாம்பரம்*

போதாது. ஒரு பெரிய போர்க்கப்பலில் நங்கூர வடத்தைச் சேர்க்காமலே சுற்றளவு முக்கால் அங்குலக் கயிற்றில் ஆரம்பித்து பதினெட்டு, பத்தொன்பது அங்குலம் வரை போகும். இரண்டு மூன்று தடிமனில் எல்லாவற்றையும் கட்டினால் தாங்கும் கயிறு எது, இழுக்கும் கயிறு எது என்ற வித்தியாசமே தெரியாமல் போய் சிலந்திவலை மாதிரி ஆகிவிடும்.

கணக்கு எளிது, ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள்: அந்த நாள் அட்டவணைகளில் கயிற்றின் அளவு என்றால் சுற்றளவு, விட்டம் அல்ல. இதை விட்டமாக எடுத்துக்கொண்டு மூன்று மடங்கு பருமனான கயிற்றைக் கட்டிவிட்டு, ஏன் இப்படி வடம் மாதிரி இருக்கிறது என்று குழம்புகிறவர்கள் உண்டு. சுற்றளவை 3.14ஆல் வகுங்கள், மில்லிமீட்டருக்கு 25.4ஆல் பெருக்குங்கள், பிறகு மாதிரியின் அளவு விகிதத்தால் (1:96 என்றால் 96ஆல்) வகுங்கள்.

உதாரணத்துக்கு, நடுவில் நிற்கும் மெயின் மாஸ்ட்டை முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் மெயின் ஸ்டே. மாஸ்ட்டின் விட்டம் எத்தனை அங்குலமோ அதில் பாதி அங்குலம் இந்தக் கயிற்றின் சுற்றளவு என்பது ஆங்கிலக் கப்பல்களுக்கு நன்றாகப் பொருந்தும் பொதுவிதி. மாஸ்ட் 36 அங்குலம் என்றால் ஸ்டே 18 அங்குலச் சுற்றளவு, அதாவது கிட்டத்தட்ட 145 மி.மீ. விட்டம். மனிதனின் தொடைப் பருமன்! 1:96 மாதிரியில் அது 1.5 மி.மீ. அதே மாதிரியில் ஏணிப்படியாக ஏறும் ராட்லைன் கயிறு ஒன்றரை அங்குலச் சுற்றளவுதான், கணக்குப் போட்டால் 0.13 மி.மீ. வருகிறது. இரண்டுக்கும் நடுவில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தாலே மாதிரிக்கு உயிர் வந்துவிடும்.

கப்பிக்கும் ஒரு விதி உண்டு. கப்பியின் நீளம் அதில் ஓடும் கயிற்றின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. கிட் கப்பிகள் பெரும்பாலும் இதைவிடப் பெரியவை. கொஞ்சம் பொறுமையாக உப்புத்தாளில் தேய்த்துச் சின்னதாக்கலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, மாஸ்ட்டைத் தாங்கும் நிலைக்கயிறுகளுக்கு பைன் மரத் தார் பூசுவார்கள், அதனால் அவை கரும்பழுப்பு. பாயையும் குறுக்குமரத்தையும் இயக்கும் ஓடுகயிறுகள் ஹெம்ப் நாரின் சொந்த நிறத்தில், வெளிர் பழுப்பாக இருக்கும். மை போன்ற கறுப்பைத் தவிர்ப்பது என் விருப்பம், குறிப்பாக 18ஆம் நூற்றாண்டுக் கப்பலுக்கு. தும்பைப்பூ வெள்ளை மட்டும் எந்தக் காலத்துக்கும் பொருந்தாது. அந்த வெள்ளை நூலைத் துணி தைக்க வைத்துக்கொள்ளுங்கள். பாரிமுனைப் பக்கம் நூல் மொத்த வியாபாரக் கடைகளில் கேட்டால் பழுப்பிலேயே நாலைந்து சாயல் எடுத்துக் காட்டுவார்கள்.

முடிச்சுக்கு ஃபெவிக்விக் போடலாமா சார்?
*கல்லூரி மாணவர், குரோம்பேட்டை*

வேண்டாம். நூல் கண்ணாடி மாதிரி விறைத்து உடையும், சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊசிமுனையால் ஒரு சொட்டு வையுங்கள். பின்னால் அவிழ்க்க வேண்டி வந்தாலும் ஈரத்தில் ஊறி விட்டுக்கொடுக்கும்.

கயிற்றை நானே முறுக்கிக்கொள்ள ஒரு சின்ன மெஷின் செய்திருக்கிறேன். ஆனால் முறுக்கின கயிற்றைப் பார்த்த ஒருவர் இது தலைகீழ் முறுக்கு என்று சொல்லிவிட்டார். முறுக்கில் என்ன நேர், தலைகீழ்?
*லேத் பட்டறை வைத்திருப்பவர், அம்பத்தூர்*

அந்த ஒருவர் நல்ல கண்ணுக்காரர், அவரை விட்டுவிடாதீர்கள். கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். புரிகள் கீழே இடப்புறத்திலிருந்து மேலே வலப்புறமாகச் சாய்ந்து ஏறினால் அது வலமுறுக்கு, மாறாக ஏறினால் இடமுறுக்கு. கப்பலில் ஓடும் சாதாரணக் கயிறுகள் மூன்று புரி வலமுறுக்கு. அப்படிப்பட்ட மூன்று கயிறுகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் வருவது இடமுறுக்கு வடம், நங்கூர வடம் இந்த வகை.

உங்களுக்கு ஏன் மாறி வந்தது என்றால், கடையில் வாங்கும் தையல் நூல் பெரும்பாலும் ஏற்கெனவே வலமுறுக்காக வருகிறது. அதையே நேரடியாகப் புரியாக வைத்து மூன்றைச் சேர்த்தால் அது பிரியாமல் நிற்க எதிர்த்திசையில்தான், அதாவது இடமாகத்தான் முறுக்கியாக வேண்டும். வலமுறுக்கு வேண்டும் என்றால் ஒரு படி கூடுதல்: இரண்டு மூன்று நூல்களை முதலில் இடமாக முறுக்கி ஒரு புரியாக்குங்கள், அப்படி மூன்று புரிகளைச் செய்துகொண்டு அவற்றை வலமாக முறுக்குங்கள். இப்போது செய்து வைத்திருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம், நங்கூரத்துக்குச் சரியாக இருக்கும். வேகத்தை ரெகுலேட்டரால் கட்டுப்படுத்தக்கூடிய கியர் மோட்டார் ரிச்சி தெருவில் கிடைக்கும், அதைப் பொருத்தினால் முறுக்கு எல்லா இடத்திலும் சீராக விழும்.

மாஸ்ட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரவுட் கயிறுகளை எந்த வரிசையில் கட்டுவது? ராட்லைன் ஒவ்வொன்றையும் முடிச்சுத்தான் போட வேண்டுமா, ஒட்டினால் ஆகாதா? என் மகளும் நானும் சேர்ந்து செய்கிறோம்.
*வாசகி, மயிலாப்பூர்*

இரண்டு பேராகச் செய்வது நல்ல யோசனை, ஒருவர் இழுத்துப் பிடிக்க ஒருவர் கட்டலாம்.

மாஸ்ட்டின் தலையில் முதலில் விழுவது தூக்குக்கப்பிகளுக்கான பென்டன்ட் கயிறு, அதன்மேல் ஷ்ரவுட்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டே. ஷ்ரவுட் ஜோடி ஜோடியாக வரும், ஒரே கயிற்றை நடுவில் மடக்கி மாஸ்ட் தலையில் மாட்டி இரண்டு கால்களையும் ஒரே பக்கம் இறக்குவது. முதல் ஜோடி கப்பலின் வலப்பக்கம் முன்னால், அடுத்தது இடப்பக்கம் முன்னால், அப்புறம் மாறி மாறிப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மாஸ்ட் சாய்ந்துவிடும், நிஜக் கப்பலிலும் மாதிரியிலும். ஒவ்வொரு பக்கமும் முன்னால் இருக்கும் முதல் ஷ்ரவுட்டுக்கு மட்டும் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கயிற்றைச் சுற்றிக் கவசம் போட்டிருப்பார்கள், பாய் உரசும் இடம் அது. சின்ன மாதிரியில்கூட அந்த ஒன்றைக் கொஞ்சம் தடிமனாகக் காட்டலாம்.

ஷ்ரவுட்டின் அடியில் மூன்று துளைக் கட்டை வரும், டெட் ஐ. அதைச் சுற்றி வரும் கயிறு எந்தப் பக்கமாகத் திரும்பும் என்பதைக் கயிற்றின் முறுக்குத்தான் தீர்மானிக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே முறுக்குக் கயிறுதானே? ஆகவே வெளியே நின்று பார்த்தால் இரண்டு பக்கத்திலும் கயிற்றின் முனை ஒரே கைப்பக்கம் வரும், அதாவது ஒரு பக்கத்தில் கப்பலின் முன்னோக்கி, மறுபக்கத்தில் பின்னோக்கி. கண்ணாடி பிம்பம் போல இரண்டு பக்கத்தையும் வரைந்திருக்கும் கிட் படங்களை இந்த இடத்தில் பின்பற்றாதீர்கள்.

ராட்லைன் முடிச்சு போடத்தான் வேண்டும். நடு ஷ்ரவுட்களில் கிளவ் ஹிட்ச் என்ற இரட்டைச் சுற்று முடிச்சு, இரண்டு ஓரத்திலும் முனையை வளையமாக்கிக் கட்டுவது நிஜமுறை. சின்ன மாதிரியில் ஓரத்திலும் கிளவ் ஹிட்சே போதும் என்று விட்டுவிடலாம். படிக்குப் படி இடைவெளி 13 அங்குலம். 1:96இல் கிட்டத்தட்ட 3.4 மி.மீ., 1:64இல் 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கோடு போட்ட ஒரு வெள்ளைத் தாளை ஷ்ரவுட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டால் இடைவெளி தப்பாது. இழுத்துக் கட்டாதீர்கள், ஷ்ரவுட்கள் உள்ளே வளைந்து இடுப்பு ஒடுங்கினதுபோல் ஆகிவிடும். ராட்லைனை ஒட்டுவதில் என்ன குறை என்றால், தூரத்திலிருந்து பார்த்தாலே முடிச்சின் சின்னக் கணு இல்லாதது தெரியும், மாலுமி கால் வைத்து ஏறுகிற இடமாக அது தோன்றாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள், மகள் விரல் உங்கள் விரலைவிடச் சின்னது, சீக்கிரமே உங்களை முந்திவிடுவாள்.

எல்லோரும் விக்டரி, விக்டரி என்றே கட்டுகிறார்கள். நம் கரையோரம் சண்டை போட்ட கப்பல் எதையாவது கட்ட முடியுமா? அதற்குக் கயிறு அமைப்பில் என்ன மாறும்?
*வாசகர், திருவான்மியூர்*

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நம் கரையோரம் நடந்த பாய்க்கப்பல் போர்கள் கொஞ்சநஞ்சமல்ல. 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் சென்னைக்கு எதிரிலேயே வந்து நின்றார். ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கப்பல்கள் கோட்டைப் பீரங்கிகளின் பாதுகாப்பில் நங்கூரமிட்டிருந்தன. 17ஆம் தேதி சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் சண்டை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் வரை போகிறீர்களே, அதே இடம். அன்று ஹியூஸின் சூப்பர்ப், கூடவே எக்ஸிட்டர் என்ற கப்பல், இரண்டும்தான் அதிகம் அடிவாங்கின. ஏப்ரலில் இலங்கைக் கரையோரம், ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு எதிரே, செப்டம்பரில் திருகோணமலை, மறுவருடம் ஜூனில் கடலூர் என்று ஐந்து சண்டைகள். ஏப்ரல் சண்டையில் ஆங்கிலேயர்களின் மன்மத் தன் மெயின் மாஸ்ட்டையும் பின்னால் இருக்கும் மிஸன் மாஸ்ட்டையும் இழந்தது. செப்டம்பரில் சுஃப்ரனின் ஏரோ கப்பலுக்கு மெயின் மாஸ்ட்டே சாய்ந்தது.

சூப்பர்ப், ஏரோ இரண்டுமே 74 பீரங்கிக் கப்பல்கள். ஏரோவை எடுத்துக்கொண்டால் ஸ்டீலின் அட்டவணையை அப்படியே போடக் கூடாது, அது ஆங்கில வழக்கம். பிரெஞ்சு 74 பீரங்கிக் கப்பலைப் பற்றி ழான் பூத்ரியோ நான்கு தொகுதிகள் எழுதியிருக்கிறார், கயிறு கப்பி உட்பட எல்லாம் வரைபடத்தோடு. விலை அதிகம், ஆனால் அந்த வகைக் கப்பலுக்கு அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

சூப்பர்ப் என்றால் காலத்தில் கவனம் வேண்டும். உங்கள் கையில் இருக்கும் 74 பீரங்கிக் கிட் பெரும்பாலும் 1800ஐ ஒட்டிய கப்பலாக இருக்கும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பௌஸ்பிரிட்டின் நுனியிலிருந்து கீழே தொங்கும் டால்ஃபின் ஸ்டிரைக்கர் என்ற குச்சி ஆங்கிலக் கப்பல்களுக்கு 1790களில்தான் வந்தது, 1782இல் அது இருக்கக் கூடாது. பல துண்டு சேர்த்துச் செய்த லோயர் மாஸ்ட்டை இடைவெளி விட்டு விட்டுக் கயிற்றால் இறுக்கிச் சுற்றியிருப்பார்கள்; 1800ஐ ஒட்டித்தான் அந்த இடத்தில் இரும்பு வளையம் வந்தது, ஆகவே சூப்பர்ப்புக்குக் கயிறு. தளத்தின் ஓரமெல்லாம் வரிசையாக, கயிற்றைச் சுற்றிக் கட்டும் பிலேயிங் பின் குச்சிகளைக் குத்தி வைக்கச் சொல்லும் கிட் படத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள். அந்தக் காலத்து ஆங்கிலப் போர்க்கப்பலில் மரக் கொம்புகளிலும் விட்டங்களிலும் கட்டின கயிறுகள் நிறைய.

சண்டைக்கோலத்தில் காட்டுவதானால் இன்னும் சுவாரஸ்யம். அடியில் இருக்கும் பெரிய பாய்களைச் சுருக்கித் தூக்கிவிட்டு டாப்செயிலோடு சண்டை போடுவதுதான் பொதுவழக்கம், பார்வைக்கு மறைக்காது, பீரங்கித் தீயும் பிடிக்காது. குறுக்குமரங்களைத் தாங்கச் சங்கிலி போட்டிருப்பார்கள், குண்டு பட்டுக் கயிறு அறுந்தாலும் மரம் ஆட்கள் தலைமேல் விழாதிருக்க. ஸ்டேயும் அதன் துணை ஸ்டேயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இரண்டையும் நெளிநெளியாக ஒரு மெல்லிய கயிற்றால் பின்னியிருப்பதும் ஒன்று அறுந்தால் மற்றது தாங்கட்டும் என்பதற்காகத்தான். இவ்வளவும் ஒரு மாதிரியில் வந்தால் பார்க்கிறவர்களுக்கு நீங்கள் சதுரங்கப்பட்டினக் கதையையே சொல்லலாம்.

ஒரு சின்ன விஷயம், கொடி. காற்று பின்னாலிருந்து அடித்துப் பாய்கள் முன்பக்கம் உப்பியிருந்தால் கொடியும் முன்பக்கம்தான் பறக்க வேண்டும். பாய் ஒரு பக்கம், கொடி எதிர்ப்பக்கம் என்று இருந்தால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த வீடு. போன வருடம் விறைப்பாகக் கட்டிய கயிறுகள் மழைக்காலத்தில் இன்னும் இறுகி டாப்மாஸ்ட் வளைந்துவிட்டது, இப்போது ஏசி அறையில் தொளதொளவென்று தொங்குகிறது. என்ன செய்யலாம்?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், பெசன்ட் நகர்*

பருத்தி, லினன் நூல்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்துக் குறுகும், காய்ந்தால் நீளும். நிஜக் கப்பலின் கயிறுகளும் இப்படித்தான் செய்தன, அதனால்தான் டெட் ஐ கட்டைகளுக்கு நடுவில் ஓடும் லான்யார்டை அவ்வப்போது இறுக்கிக்கொண்டும் தளர்த்திக்கொண்டும் இருந்தார்கள். உங்கள் மாதிரியிலும் அந்த லான்யார்டை ஒட்டாமல் விட்டிருந்தால் அங்கேயே சரிசெய்துகொள்ளலாம், வேறு எதையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

புதிதாகக் கட்டுவதாக இருந்தால் நிலைக்கயிறுகளுக்கு பாலியஸ்டர் நூல் வாங்குங்கள், அது ஈரத்துக்கு அசையாது. பளபளப்பைக் குறைக்கத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துத் துணியால் துடைத்தால் போதும். நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். மெல்லிய ஓடுகயிறுகளைக் கம்பி மாதிரி இழுக்காமல் கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டுங்கள், நிஜத்திலும் அவை அப்படித்தான் இருக்கும். கண்ணாடிப் பெட்டி கட்டாயம், கடற்காற்றில் பித்தளைச் சாமான்கள் பச்சை பூத்துவிடும். ஆனால் பெட்டியைக் காற்றே புகாமல் மூடிவிடக் கூடாது. பிளைவுட்டிலிருந்தும் சில மரங்களிலிருந்தும் வரும் அமில ஆவி உள்ளே தங்கினால் ஈயத்தில் வார்த்த பழைய பீரங்கிகளும் நங்கூரங்களும் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். பெட்டியின் அடிப்பலகையில் இரண்டு ஓரத்திலும் துளை போட்டு, பூச்சி வராமல் மெல்லிய வலைத்துணி ஒட்டிவிடுங்கள். ஜன்னல் வெயில் நேராகப் படாத சுவராகப் பார்த்து வையுங்கள்.